கல்லும் வளர்கிறது, கன்றும் வளர்கிறது: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பனங்கற்கண்டு நூலைப் பிடித்துக்கொண்டு எப்படி வளர்கிறது என்று நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே சந்தேகத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன: வளர்கிறது என்றால் அதற்கு உயிர் இருக்கிறதா? அதனால் இந்த இதழ் முழுக்கப் படிகங்களுக்கே.

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் படிகாரக் கரைசலில் நூல் கட்டி ஒரு சின்னக் கல்லைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இப்போது கொண்டைக்கடலை அளவுக்கு வந்துவிட்டதாம். "உயிருள்ளவை வளரும்னு பாடத்துல இருக்கு, இதுவும் வளருதே, அப்ப இதுக்கும் உயிர் இருக்கா?" என்கிறாள். என்ன சொல்லட்டும்?
(ஒரு தாய், திருச்சி)

பதில்: முதலில் அவள் கேட்டது சரியான கேள்வி என்று சொல்லுங்கள். வளர்ச்சி ஒன்றை மட்டும் வைத்து உயிரை அடையாளம் காண முடியாது. உயிரினங்களுக்கெல்லாம் முறைப்படி பெயர் வைத்த லின்னேயஸே 18ஆம் நூற்றாண்டில், கற்கள் வளர்கின்றன, தாவரங்கள் வளர்ந்து உயிர் வாழ்கின்றன, விலங்குகள் வளர்ந்து உயிர் வாழ்ந்து உணரவும் செய்கின்றன என்றுதான் பிரித்தார். கல் வளரும் என்பதை அவர் மறுக்கவில்லை. அதனால் வளர்கிறதா என்பதை விட்டுவிட்டு, எப்படி வளர்கிறது என்று பார்க்க வேண்டும்.

படிகாரம் பச்சைத் தண்ணீரில் கொஞ்சமாகவும் வெந்நீரில் பல மடங்கு அதிகமாகவும் கரையும். வெந்நீரில் கரைத்து ஆறவிட்டால், அந்தத் தண்ணீர் தன்னால் தாங்க முடிந்ததைவிட அதிகமான படிகாரத்தை வைத்துக்கொண்டு தடுமாறும். அந்த உபரி எங்காவது உட்கார்ந்தாக வேண்டும், ஆனால் புதிதாக ஒரு படிகத்தைத் தொடங்குவதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. துகள்கள் நாலைந்து சேர்ந்தாலும் அந்தக் கூட்டம் மிகச் சின்னதாக இருப்பதால், உள்ளே பிடிப்போடு இருப்பவற்றைவிட விளிம்பில் பாதிப் பிடிப்போடு தொங்குபவையே அதிகம், அதனால் சேர்ந்த வேகத்தில் கலைந்துவிடும். ஓர் அளவைத் தாண்டிய கூட்டம்தான் பிழைக்கும். அந்தக் கஷ்டத்தைத் தாண்ட வைக்கத்தான் ஆசிரியர் ஒரு சின்னக் கல்லை, விதைப் படிகத்தை, முன்கூட்டியே தொங்கவிட்டிருக்கிறார். தூசி, நூலின் பிசிறு, கண்ணாடியில் விழுந்த கீறல் இவைகூட அந்த வேலையைச் செய்துவிடும்.

விதை கிடைத்துவிட்டால் அப்புறம் எல்லாம் மேற்பரப்பில்தான். கல்லின் முகம் நமக்கு வழவழவென்று தெரிந்தாலும் அணு அளவில் அதில் படிகள் இருக்கின்றன. கரைசலிலிருந்து வரும் துகள் சமதளத்தில் ஒட்டினால் பெரும்பாலும் மறுபடி கழன்று போய்விடும், படியின் மூலையில் போய்ச் சேர்ந்தால் இரண்டு மூன்று பக்கமும் பிடிப்பு கிடைத்து அங்கேயே தங்கிவிடும். இப்படியே படி நகர்ந்து ஓர் அடுக்கு முடியும். அடுத்த அடுக்கை யார் தொடங்குவது என்பது விஞ்ஞானிகளை ரொம்ப நாள் குழப்பியது, ஏனென்றால் கணக்குப்படி அதுவும் கஷ்டம், ஆனால் படிகங்களோ லேசான உபரியிலேயே சளைக்காமல் வளர்ந்தன. 1949இல் ஃப்ராங்க் என்ற இயற்பியலாளர் விடை சொன்னார்: படிகத்தின் அடுக்கில் ஒரு பிசகு இருந்தால் படி சுருளாகச் சுற்றிக்கொண்டே மேலேறும், தீரவே தீராது. பிறகு நுண்ணோக்கியில் அந்தச் சுருள்களைக் கண்ணாலேயே பார்த்தார்கள். குறை இருப்பதால்தான் கல் வளர்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பான விஷயம்.

இப்போது வாசலில் இருக்கிற முருங்கைக் கன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். அது வெளியே ஒட்டி ஒட்டிப் பெருக்கவில்லை, உள்ளேயிருக்கும் செல்கள் பிரிந்து பிரிந்து துளிர் வருகிறது. அது எடுப்பது தண்ணீர், காற்று, மண்ணின் சத்து. கட்டுவதோ இவை எதிலும் இல்லாத புதுப் பொருள்கள். படிகாரக் கல்லுக்கு இந்தச் சமையல் தெரியாது. கரைசலில் படிகாரம் இருந்தால்தான் அது வளரும், பக்கத்தில் சாப்பாட்டு உப்பைக் கொஞ்சம் கலந்துவிட்டால் அதைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும்.

முக்கியமானது இனிமேல்தான். ஜாடியை இறுக மூடி, வெப்பம் மாறாத இடத்தில் வைத்துவிட்டால் ஒரு கட்டத்தில் கல் வளர்வது நின்றுபோகும். வந்து ஒட்டும் துகளும் கழன்று போகும் துகளும் சமமாகிவிட்டன என்று அர்த்தம். அந்தச் சமநிலையில் கல் வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும், அதற்கு ஒரு குறையும் இல்லை, ஏனென்றால் அது போய்ச் சேர வேண்டிய இடமே அதுதான். முருங்கையோ நாமோ சுற்றுப்புறத்தோடு அப்படிச் சமநிலைக்கு வந்துவிட்டால் அதற்குப் பெயர் சாவு. தூங்கும்போதுகூட நம் உடம்பு சாப்பாட்டை எரித்து, பழுதானதைக் கழித்து, புதியதைக் கட்டி அந்தச் சமநிலையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறது. உங்கள் மகளுக்கு ஒரே ஒரு வித்தியாசம் சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள்.

கல் இன்னும் பெரிதாக வேண்டுமானால்: கரைசலை வடிகட்டச் சொல்லுங்கள், நூலுக்குப் பதில் மெல்லிய நைலான் இழை நல்லது, ஜாடியின் மேல் தாளைக் கட்டி வெயில் படாத, வெப்பம் ஏறி இறங்காத இடத்தில் வைக்கட்டும். அடியில் பொடிக் கற்கள் விழுந்தால் அவ்வப்போது எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உபரியை அவையும் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரு மூலையை லேசாக உடைத்துவிட்டுத் திரும்பத் தொங்கவிட்டால், உடைந்த மூலை நிரம்பிப் பழைய வடிவத்துக்கு வருவதையும் பார்க்கலாம். வெளியே எடுத்த பிறகு காய்ந்த காற்றில் உள்ளிருக்கும் நீரை இழந்து வெளுக்கும், நிறமில்லாத நகப்பூச்சு ஒரு கை பூசி வைத்தால் பளபளப்பு நிற்கும்.

கேள்வி: ஒரே பாத்தியில் ஒரு நாள் உப்பு கல் கல்லாக விளைகிறது, ஒரு நாள் பொடியாக வருகிறது. சில நேரம் மேலே பூ மாதிரி மிதக்கிறது. உப்பும் செடி மாதிரி பருவம் பார்க்குமோ?
(வேதாரண்யத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: பருவம் பார்ப்பது உப்பு இல்லை, தண்ணீர் வற்றும் வேகம். படிகாரத்தை ஆறவைத்துப் படிய வைக்கலாம், சாப்பாட்டு உப்பில் அது நடக்காது. 100 கிராம் தண்ணீரில் சாதாரண வெப்பத்தில் 36 கிராம் கரையும், கொதிக்கும்போதும் 39 கிராம்தான். அதனால் உப்புக்குத் தண்ணீரை வற்றவைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. கடல்நீர் 3 டிகிரியில் (இது வெப்பம் இல்லை, தண்ணீரின் அடர்த்தியைச் சொல்லும் போமே டிகிரி) உள்ளே வந்து, வற்றி வற்றி 25 டிகிரியைத் தொடும்போது உப்பு இறங்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்கு முன்னாலேயே ஜிப்சம் படிந்துவிடும், 30 டிகிரி பக்கம் போனால் மக்னீசியம் உப்புகள் சேர்ந்து கசக்கும், அதனால் அதற்குள் தண்ணீரை வெளியேற்றிவிடுவீர்கள்.

வற்றுவது நிதானமாக இருந்தால் தொடங்கும் படிகங்களின் எண்ணிக்கை குறைவு, வரும் உப்பெல்லாம் அந்தச் சிலவற்றின் மேலேயே போய்ச் சேர்ந்து கல்லுப்பு ஆகும். வெயில் கடுமையாக இருந்து காற்றும் பலமாக அடித்து, தண்ணீரும் கலங்கினால் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான இடங்களில் தொடங்கிவிடும், எல்லாமே பொடியாகவே நின்றுவிடும்.

மிதக்கும் பூவை ஒரு நாள் உள்ளங்கையில் எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். நாலு பக்கமும் படி படியாக இறங்கி நடுவில் குழிந்து, தலைகீழான சின்னக் கோபுரம் போல இருக்கும். மேற்பரப்பில் ஒரு சின்னச் சதுரம் உருவாகி, தண்ணீரின் பரப்பு இழுவிசையால் மிதக்கும், கனம் கூடக் கூடக் கொஞ்சம் அமிழும், அமிழும்போதெல்லாம் தண்ணீர் மட்டத்தில் இருக்கும் விளிம்பில் மட்டும் புது உப்பு சேரும். மூலைகளுக்கும் விளிம்புகளுக்கும் சரக்கு முதலில் கிடைப்பதால் நடுப்பகுதி பின்தங்கிக் குழியாகவே நிற்கும். பொறுக்க முடியாத கனம் வந்ததும் அடியில் போய்ப் படுத்துவிடும். அந்த வடிவத்தை யாரும் செதுக்கவில்லை, உப்புக்கும் அது தெரியாது. சோடியமும் குளோரினும் மாறி மாறிச் சதுரமாக அடுக்கிக்கொள்வதும் விளிம்பில் நடக்கும் வரவும் சேர்ந்து அப்படி ஆகிறது.

கேள்வி: என் சிறுநீரகத்தில் 4 மி.மீ. கல் இருந்தது, ஒரு வருஷத்தில் 7 மி.மீ. ஆகிவிட்டது. உயிரில்லாத கல் உடம்புக்குள் எப்படி வளர்கிறது? பாலை நிறுத்திவிட்டேன், சரிதானே?
(மதுரையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: ஜாடியில் படிகாரம் வளரும் அதே கணக்குதான், ஜாடிக்குப் பதில் சிறுநீரகம். பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட். நம் எல்லாருடைய சிறுநீரிலும் இது தாங்கும் அளவுக்கு மேலேயே இருப்பது சகஜம், ஆனாலும் எல்லாருக்கும் கல் வருவதில்லை. காரணம், சிறுநீரில் இருக்கும் சிட்ரேட் போன்ற பொருள்கள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, தொடங்கிய படிகத்தின் மேலும் ஒட்டிக்கொண்டு அது மேலே வளராமல் தடுக்கின்றன. தண்ணீர் குறைந்து சிறுநீர் கெட்டியானாலோ இந்தத் தடுப்பு குறைந்தாலோ கல் பிடித்துக்கொள்ளும்.

அதனால்தான் மருத்துவர்கள் நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். குடிக்கும் அளவு இல்லை, வெளியே போகும் அளவு. வெயிலில் வேலை என்றால் வியர்வைக்கும் சேர்த்துக் குடிக்க வேண்டும். எலுமிச்சைச் சாற்றில் சிட்ரேட் உண்டு, சர்க்கரையும் உப்பும் அள்ளிப் போடாமல் குடித்தால் நல்லது.

பாலை நிறுத்தியதைத் தயவுசெய்து மருத்துவரிடம் சொல்லுங்கள். கால்சியம் கல்தானே, கால்சியத்தைக் குறைத்தால் போதும் என்று தோன்றும், நடப்பது நேர்மாறு. சாப்பாட்டில் கால்சியம் இருந்தால் அது குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். கால்சியம் குறைந்தால் தனியாக நிற்கும் ஆக்சலேட் ரத்தத்துக்குப் போய்ச் சிறுநீரகத்துக்கு வந்து சேரும். சாப்பாட்டில் கால்சியம் குறைந்தவர்களுக்குக் கல் அதிகம் வருகிறது என்பது ஆய்வுகளில் தெளிவாகவே வந்திருக்கிறது.

இன்னொன்று, யூரிக் அமிலக் கல்லாக இருந்தால் சிறுநீரின் அமிலத்தன்மையை மருந்தால் குறைத்துக் கரைக்கவும் முடியும். கால்சியம் ஆக்சலேட் அப்படிக் கரையாது. எந்தக் கல் என்று தெரியாமல் வைத்தியம் பார்க்கக் கூடாது என்பது இதனால்தான். வெளியே வந்த கல்லைத் தூக்கிப் போடாமல் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

கேள்வி: சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு நறுக்கினால் கை அரிக்கிறதே, ஏன்?
(கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: மதுரை வாசகரைப் படுத்தும் அதே கால்சியம் ஆக்சலேட்! இந்தச் செடிகள் அதைக் கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக்கி, தனிச் செல்களுக்குள் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருக்கின்றன. நறுக்கும்போது செல் உடைந்து ஊசிகள் தோலில் குத்துகின்றன, கடித்துத் தின்ன வரும் விலங்குக்கும் இதே கதிதான். வேகவைத்தாலும் ஊசி முழுக்கக் கரைந்துவிடாது. அதனால்தான் பாட்டிமார் புளித்தண்ணீர் ஊற்றி வேகவைத்தார்கள்.

இந்த இரண்டு கேள்விகளும் ஒரே வாரத்தில் வந்தது எனக்கு மகிழ்ச்சி. ஒரே பொருள், ஒரே வேதியியல். சிறுநீரகத்தில் அது கட்டுப்பாடில்லாமல் கிடைத்த இடத்தில் வளர்ந்த கல். செடியிலோ எந்தச் செல்லில், எந்த அளவில், எந்த வடிவத்தில் என்று உயிர் தீர்மானித்து வளர்க்கும் கருவி. நம் எலும்பும் பல்லும் கால்சியம் பாஸ்பேட் படிகங்கள், முட்டை ஓடு கால்சியம் கார்பனேட், காதுக்குள் நிலை தடுமாறாமல் நம்மைக் காப்பாற்றும் துகள்களும் கால்சியம் கார்பனேட்தான். உயிருக்கும் படிகத்துக்கும் பகை ஒன்றும் இல்லை, உயிர் அதை வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கிறது.

கேள்வி: படிகத்தை உடைத்தால் ஒவ்வொரு துண்டும் தனியாக வளர்கிறது. அப்படியானால் அது இனப்பெருக்கம்தானே? படிகங்களுக்குப் பரம்பரை, பரிணாமம் எல்லாம் உண்டா?
(கோவையிலிருந்து கல்லூரி மாணவர்)

பதில்: கெட்டிக்காரக் கேள்வி. சர்க்கரை ஆலையில் இதைத்தான் செய்கிறார்கள், மிக நுணுக்கமாக அரைத்த சர்க்கரையை ஆல்கஹாலில் கலக்கி, கொதிகலனில் சரியான பதத்தில் இருக்கும் பாகில் விடுவார்கள், ஒவ்வொரு துகளும் ஒரு படிகமாக வளரும். மருந்து உலகில் இன்னும் பயங்கரமான சம்பவம் உண்டு. எய்ட்ஸ் நோய்க்கான ரிட்டோனவிர் மருந்து 1996இல் விற்பனைக்கு வந்தது. 1998இல் அதன் மூலக்கூறுகள் திடீரென்று வேறு விதமாக அடுக்கிக்கொண்ட புதுப் படிகம் தலைகாட்டியது. அது சரியாகக் கரையாததால் காப்சூலாகக் கொடுக்க முடியவில்லை. அதன் துகள் நுழைந்த ஆலைகளிலெல்லாம் பழைய வடிவம் செய்யவே முடியாமல் போய், அந்தக் காப்சூலைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டு மருந்தை வேறு முறையில் தயாரிக்க வேண்டியிருந்தது. தொற்று நோய் பரவியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றும்.

வித்தியாசம் செய்தியில் இருக்கிறது. படிகத்தின் ஒழுங்கு, புள்ளிக் கோலத்தின் ஒழுங்கு. முதல் நாலு புள்ளியையும் இழையையும் பார்த்தால் மிச்சத்தை ஊர்க்கோடி வரை நீங்களே நீட்டிவிடலாம், புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. விதைப் படிகம் அடுத்ததற்குக் கொடுப்பதும் 'இப்படி அடுக்கு' என்ற அந்த ஒற்றைத் தகவல்தான். 1943இல் டப்ளினில் ஆற்றிய உரைகளில் இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர், மரபுப் பொருள் படிகம் போல உறுதியாகவும் இருக்க வேண்டும், ஆனால் திரும்பத் திரும்ப வராத ஒழுங்கோடும் இருக்க வேண்டும் என்றார். அப்போது டி.என்.ஏ.வின் அமைப்பே தெரியாது, 1953இல்தான் தெரிந்தது. அவர் சொன்னது அப்படியே பொருந்தியது: டி.என்.ஏ.வில் வேதிப் பொருள்கள் எழுத்துகள் போல வரிசையாக நிற்கின்றன, முதல் நூறு எழுத்தைப் படித்தாலும் நூற்றியோராவது எழுத்து என்ன என்று சொல்ல முடியாது. அந்த நீளமான செய்தி இருப்பதால்தான் சேப்பங்கிழங்குக்கு ஊசி செய்யத் தெரிகிறது.

பரிணாமத்துக்கு வருவோம். கிளாஸ்கோவில் இருந்த வேதியியலாளர் கெய்ர்ன்ஸ் ஸ்மித், களிமண் படிகங்களின் அடுக்குகளில் இருக்கும் பிசகுகள் அடுத்த அடுக்குக்கும் நகலாகி, உயிருக்கு முன்னால் முதல் மரபணுக்களாக இருந்திருக்கலாம் என்று வாதிட்டார். அழகான யோசனை, ஆனால் அப்படித் தலைமுறை தலைமுறையாகப் பிசகாமல் கடத்தும் களிமண்ணை யாரும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டவில்லை. எனக்கும் அதில் நம்பிக்கை குறைவு.

கேள்வி: வைரஸைப் படிகமாக்கலாம் என்கிறார்களே. படிகம் ஆனால் அது செத்துவிட்டதா?
(யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: 1935இல் வெண்டெல் ஸ்டான்லி புகையிலையைத் தாக்கும் ஒரு வைரஸை ஊசி ஊசியான படிகங்களாகப் பிரித்தெடுத்தார். அதைத் தண்ணீரில் கரைத்து இலையில் தேய்த்தால் செடிக்கு நோய் வந்தது. உயிருக்கும் உயிரில்லாததற்கும் நடுவில் இருந்த வேலி அன்றைக்குப் பெயர்ந்தது, 1946இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அது வெறும் புரதம் என்று அவர் நினைத்திருந்தார், அடுத்த ஆண்டே அதில் டி.என்.ஏ.வைப் போலச் செய்தி சுமக்கும் ஆர்.என்.ஏ. கொஞ்சம் இருப்பதை வேறு இருவர் கண்டுபிடித்தார்கள். நோயை உண்டாக்குவது அந்தக் கொஞ்சம்தான், சுமார் 6,400 எழுத்து நீளமுள்ள செய்தி. படிகமாக இருக்கும்போது வைரஸ் எதையும் செய்யாது, செடியின் செல்லுக்குள் போனால் அந்தச் செய்தியை செல் படித்துவிடும். சாவு என்ற சொல் அதற்குப் பொருந்தாது என்பதே என் எண்ணம்.

புரதங்களையும் இப்படிப் படிகமாக்கி எக்ஸ் கதிரைச் செலுத்தித்தான் அவற்றின் உள்ளமைப்பைப் பார்க்கிறார்கள். சென்னையில் ஜி.என். ராமச்சந்திரன் 1950களில் கொலாஜன் புரதத்தின் முப்புரி அமைப்பைச் சொன்னது எக்ஸ் கதிர்ப் படங்களைக் கொண்டுதான். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு 2009இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்ததும், செல்லுக்குள் புரதம் செய்யும் ரைபோசோமின் படிகங்களால்தான். அணு அணுவாக இடம் குறிக்க வேண்டுமென்றால் எல்லாம் ஒரே மாதிரி வரிசையில் நிற்க வேண்டும், அந்த வரிசையைப் படிகம்தான் கொடுக்கும்.

கேள்வி: ஆந்திராவில் யாகந்தி கோயில் நந்தி வளர்ந்துகொண்டே வருகிறது என்கிறார்கள். பாறை வளருமா?
(வேலூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: பூமிக்கு அடியில் கல் வளர்வது உண்மை. மெக்சிகோவில் நைக்கா சுரங்கத்தில், கிட்டத்தட்ட 300 மீட்டர் ஆழத்தில், 2000ஆம் ஆண்டு ஒரு குகையைக் கண்டார்கள். உள்ளே 11 மீட்டர் நீளம் வரை ஜிப்சம் படிகங்கள், வேதாரண்யம் பாத்தியில் உப்புக்கு முன்னால் படிகிறதே, அதே ஜிப்சம். 58 டிகிரி வெப்பத்தில், கரைசல் மிக லேசான உபரியோடு மாறாமல் நின்றதால் அவை அவ்வளவு பெரிதாயின. அந்தக் குகை நீரில் ஆய்வாளர்கள் அளந்த வளர்ச்சி வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு தலைமுடி கனம் சேரவே ஏறத்தாழ 200 ஆண்டு ஆகும். சுரங்கத்துக்காக நீரை இறைத்ததும் வளர்ச்சி நின்றது.  பிறகு 2015இல் பம்புகளை நிறுத்தியதும் குகையில் மறுபடி நீர் ஏறிவிட்டது.

நந்திக்கு வருவோம். பக்தர்களின் நம்பிக்கையில் நான் தலையிடவில்லை, நீங்கள் கேட்டது பாறையைப் பற்றி, அதற்கு மட்டும் பதில். கல் வளர வேண்டுமானால் அதன் மேல் அதே பொருள் கரைந்த, உபரியுள்ள கரைசல் இடைவிடாமல் பட வேண்டும், திறந்த வெளியில் இருக்கும் சிலைக்கு அப்படி எதுவும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் சரக்கு வெளியேதான் வந்து ஒட்டும். அடுக்கு ஏற ஏறக் கண்ணும் கழுத்து மணியும் மூடிக்கொண்டு, செதுக்கிய கோடுகளெல்லாம் மழுங்கி, சிலை ஒரு மொத்தையாகிவிடும். கண் கண்ணாகவே, மணி மணியாகவே இருந்து எல்லாம் அளவோடு பெரிதாக வேண்டுமானால் உள்ளிருந்து வளர வேண்டும், அதற்குக் கன்றுக்குட்டியாக இருக்க வேண்டும்.